நீரில் வீழ்ந்தோருக்கு முதலுதவி

பெக்கோக் வட்டாரத்தில் வாழ்வோருக்கு ஆறும் அருவியும் புதியன அல்ல. விடுமுறை நாளில் சுங்கை பந்தாங் அருவிக்குக் குடும்பத்துடன் செல்வோரும் உளர்; மழைக்காலத்தில் வழுக்கும் பலகைமேல் பால் வாளியுடன் வாய்க்காலைக் கடப்போரும் உளர். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிகாமட் மாவட்டத்தைச் சூழ்ந்த வெள்ளத்தை எவரும் மறந்திருக்க மாட்டார். ஆகவே, நீரில் வீழ்ந்தவரைக் காக்கும் முறையை நாம் அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒருவர் தத்தளிக்கக் கண்டால் உடனே குதித்துவிடாதீர்கள். காக்கச் சென்றவரே மாண்டுபோவதும் உண்டு. கூவி ஆள் சேர்த்து, கழி, கயிறு, கைலி ஆகியவற்றுள் ஒன்றை நீட்டி இழுங்கள். மற்றொருவர் 999 என்ற எண்ணுக்கு அழைக்கட்டும்.

கரை சேர்த்ததும் மூச்சு வருகிறதா எனப் பாருங்கள். மூச்சின்றிச் சில நிமிடங்கள் கழிந்தாலே மூளை பழுதடையத் தொடங்கும். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுழற்றுவதும், வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்ற முயல்வதும் தவறு. அவற்றால் காலம் வீணாவதோடு, வயிற்றிலுள்ளது மேலெழுந்து மூச்சுக்குழலை அடைக்கவும் கூடும். மூச்சு இல்லையெனில், மல்லாக்கக் கிடத்தி, மோவாயை உயர்த்தி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள். பின்னர், நெஞ்சின் நடுவே ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்குமாறு, நிமிடத்திற்கு 100 முதல் 120 என்னும் வேகத்தில் 30 முறை அழுத்தி, இரு முறை ஊதுங்கள். மருத்துவ உதவி வரும்வரை இதனைத் தொடருங்கள்.

பாறையிலிருந்தோ பாலத்திலிருந்தோ வீழ்ந்தவரின் கழுத்தெலும்பு முறிந்திருக்கலாம். அவரைக் கைகால் பிடித்துத் தூக்கலாகாது. தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேராக இருக்கப் பலர் சேர்ந்து பலகையில் கிடத்துங்கள். மூச்சு நின்றிருப்பின், கழுத்தை அசைக்காது தாடையை மட்டும் முன்தள்ளி மூச்சளியுங்கள், மூச்சே முதன்மையானது. இரத்தம் பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள்.

மூச்சுடன் மயங்கிக் கிடப்பவரை, கழுத்தில் அடிபடவில்லையெனில், ஒருக்களித்துக் கிடத்துங்கள். ஈர உடையைக் களைந்து போர்த்துங்கள். அவர் எழுந்து பேசினாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லத் தவறாதீர்கள். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் துன்பம் தரலாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் கண்டால், நீரில் வீழ்ந்த செய்தியை மருத்துவரிடம் கூறுங்கள். எலியின் சிறுநீர் கலந்த நீரால் பரவும் நோயாக அது இருக்கலாம்.

பதற்றமின்றிச் செயற்படும் கைகள் ஒரு குடும்பத்தின் விளக்கை அணையாது காக்கும்.