காக்கையும் ஹெலிகாப்டரும்

லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்தால் தீபாவளி ஒளியூட்டு தெரியும். உயரழுத்த மின்கம்பி தெரியாது. சிங்கப்பூரின் மின்கட்டமைப்பு கிட்டத்தட்ட முழுவதும் நிலத்தடியில் இருக்கிறது. ஆனால் விடுமுறைக்குத் தமிழகம் சென்றவர்கள், வயல்வெளிகளில் வரிசையாக நிற்கும் இரும்புக் கோபுரங்களையும் அவற்றில் தொங்கும் கம்பிகளையும் பார்த்திருப்பீர்கள்.

சாலையே இல்லாத மலையில் அத்தகைய கோபுரத்தை எப்படி நிறுத்துவது? பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து காஷ்மீரின் அமர்கர் வரை, 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் 400,000 வோல்ட் மின்பாதையை ஸ்டெர்லைட் பவர் நிறுவனம் 2018ல் முடித்தது. வழியில் பீர் பஞ்சால் மலைத்தொடர். அங்கே கோபுரப் பாகங்களைத் தூக்கிச் சென்றது ‘எஸ்-64’ எனும் பாரந்தூக்கி ஹெலிகாப்டர். சுமார் 9 டன் எடையை அது தூக்கும்.

அந்தக் கம்பிகளில் அப்போது மின்சாரம் இல்லை. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நடக்கும் இன்னொரு வேலைதான் நம்மை வியக்க வைக்கிறது. மின்சாரத்தை நிறுத்தாமலேயே ஹெலிகாப்டர் கம்பியருகே அந்தரத்தில் நிற்கும். அதன் பக்கவாட்டு மேடையில் அமர்ந்திருக்கும் ஊழியர், கம்பியைக் கையால் தொட்டுப் பழுதுபார்ப்பார். அவருக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

கம்பியில் உட்காரும் காக்கையை நினைத்துப் பாருங்கள். மின்னோட்டம் பாய மின்னழுத்த வேறுபாடு வேண்டும். காக்கையின் இரண்டு கால்களும் ஒரே கம்பியில், சில சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. அவ்வளவு சிறிய துண்டுக் கம்பியின் மின்தடை மிகமிகக் குறைவு. எனவே கால்களுக்கு இடையிலான வேறுபாடும் மிகச் சொற்பம். ஆனால் பழந்தின்னி வௌவால் சிறகை விரித்து இரண்டு கம்பிகளை ஒருசேரத் தொட்டுவிட்டால் அதோடு முடிந்தது. ஹெலிகாப்டருக்கும் அதே ஆபத்துதான். சுழலும் இறக்கை அடுத்த கம்பிக்கோ கோபுரத்துக்கோ மிக நெருக்கமாகப் போய்விடக் கூடாது. காற்றடிக்கும்போதும் இயந்திரத்தை அசையாமல் நிறுத்தும் விமானியின் கையில்தான் ஊழியரின் உயிர்.

காக்கை உவமை இதுவரைதான் உதவும். ஹெலிகாப்டர் பெரிய உலோகப் பொருள். கம்பியின் மின்னழுத்தத்தை அது அடைய, அதன் மேற்பரப்பில் மின்னூட்டம் ஏற வேண்டும். அதனால் ஊழியர் முதலில் ஓர் உலோகக் கோலைக் கம்பியை நோக்கி நீட்டுவார். படபடவென மின்பொறி பாயும். பிறகு இணைப்புக் கம்பி ஒன்றை மாட்டி ஹெலிகாப்டரையும் மின்கம்பியையும் ஒன்றாக்குவார். அப்போதும் ஓட்டம் நிற்பதில்லை. மாறுதிசை மின்சாரம் விநாடிக்கு 50 அல்லது 60 சுற்றுகள் அலைவதால், ஏறிய மின்னூட்டம் ஒவ்வொரு சுற்றிலும் இறங்கி, எதிர்மாறாக மீண்டும் ஏறும். ஊழியரின் உடையில் மெல்லிய எஃகு இழைகள் கலந்து நெய்யப்பட்டிருக்கும். மின்னோட்டம் அந்த உடை வழியே சென்றுவிடும், உடலுக்குள் வராது. 1836ல் மைக்கேல் ஃபாரடே செய்துகாட்டிய உலோகக் கூண்டின் தத்துவம்தான் இது. அவர் கூண்டுக்குள் போய் அமர்ந்தார். இவர்கள் கூண்டையே உடுத்திக்கொள்கிறார்கள்.

இவ்வளவு ஆபத்து எதற்கு, சிங்கப்பூரைப்போல எல்லாரும் கம்பிகளைப் புதைத்துவிடலாமே என்று கேட்கலாம். எஸ்பி குழுமம் இங்கே சுமார் 60 மீட்டர் ஆழத்தில், எம்ஆர்டி ரயில் பாதைகளுக்கும் கீழே, மொத்தம் 35 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்கேபிள் சுரங்கங்களைத் தோண்டியுள்ளது. ஏறக்குறைய 20 மாடி ஆழம்! செலவு 2 பில்லியன் வெள்ளிக்கும் அதிகம். கோபுரத்துக் கம்பிக்குக் காற்றே மின்காப்பு. வெப்பத்தையும் அதுவே இலவசமாக அகற்றிவிடும். கேபிளுக்கு இரண்டையும் விலை கொடுத்துச் செய்ய வேண்டும்.

பணம் மட்டுமே தடையும் அல்ல. கேபிளின் நடுவே மின்கடத்தி, சுற்றிலும் நிலத்தோடு இணைந்த உலோக உறை, இடையில் மின்காப்புப் பொருள். இது ஒரு நீண்ட மின்தேக்கி! ஹெலிகாப்டரைப் போலவே ஒவ்வொரு சுற்றிலும் இதற்கும் மின்னூட்டம் ஏறி இறங்க வேண்டும். ஹெலிகாப்டர் நிலத்திலிருந்து வெகு உயரத்தில் நிற்பதால் அந்த ஓட்டம் சிறியது. கேபிளிலோ உறை சில சென்டிமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. நீளம் கூடக்கூட ஓட்டமும் கூடும். ஒரு நகரத்தின் தூரத்துக்கு அதைச் சமாளித்துவிடலாம். ஜலந்தரிலிருந்து அமர்கர் வரை அப்படியொரு கேபிளைப் புதைத்தால், அதன் கொள்ளளவு முழுவதையும் இந்த மின்னூட்ட ஓட்டமே விழுங்கிவிடும்.