தொழில் பாடம்: பழைய வண்டிக்கு எந்த இன்ஜின் ஆயில்?



பழைய ஆம்னி, இண்டிகா, சுமோ என்று ஏதோ ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துபவர்கள் நம்மில் பலர். அரக்கோணம், நகரி, புத்தூர் என்று தினசரி ஓட்டம். கிருத்திகை நாட்களில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் முதல் கியரில் ஏற வேண்டும். அவசரத்துக்கு வேலூர் ஆஸ்பத்திரிக்கும் ஓடவேண்டும். இப்படி உழைக்கும் வண்டியில் இன்ஜின் பிடித்துக்கொண்டால் பல மாத வருமானம் ஒரே நாளில் போய்விடும். அதைத் தடுக்கும் பொருட்களில் மலிவானது சரியான ஆயில். ஆனால் ஆயில் கடையில் நாம் கேட்பது பெரும்பாலும் "பழைய வண்டி, நல்ல கெட்டி ஆயிலாகக் கொடுங்கள்" என்பதுதான். எப்போது கெட்டி, எவ்வளவு கெட்டி என்று இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

டப்பாவில் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று எழுதியிருக்கும். ஆயிலை அதன் பாகுநிலையைக் கொண்டு, அதாவது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதைக் கொண்டு, தரம் பிரிக்கும் எஸ்ஏஈ முறை 1911-இல் அமெரிக்காவில் தொடங்கியது. 'டபிள்யூ' என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்து இன்ஜினைச் சுழற்ற முடியுமா என்று சோதிக்கிறார்கள். திருத்தணியில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிரின் அருகில் நாம் போவதில்லை. ஆகவே முதல் எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 0டபிள்யூ ஆயிலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது, கையேடு அதைக் கேட்காத பழைய வண்டிக்கு வீண்விரயம்.

நமக்கு முக்கியமானது இரண்டாவது எண். அது 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதைச் சொல்கிறது. அளவு சென்டிஸ்டோக்ஸ். 30 என்றால் 9.3 முதல் 12.5 வரை, 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை, 50 என்றால் 16.3 முதல் 21.9 வரை. சூடு ஏற ஏற ஆயில் எவ்வளவு இளகுகிறது என்பதையும் பாருங்கள். சாதாரண 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் சுமார் 110 இருக்கும். 100 டிகிரியில் 14 அளவுக்கு வந்துவிடும். காலையில் தேன் போல இருந்தது மலை ஏறும்போது எண்ணெய்ச் சட்டியில் காயும் எண்ணெய் போல ஆகிவிடுகிறது. வெயில் 40 டிகிரியைத் தாண்டும் மே மாதத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஏறும் இன்ஜினில் ஆயிலின் சூடு 100 டிகிரிக்கு மேலேயே போகும்.

இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு தலைமுடி அளவுதான். அதை நிரப்பி இரும்பும் இரும்பும் தொடாமல் பார்த்துக்கொள்வது ஆயில் படலம். தேய்மானத்தால் இடைவெளி பெரிதானால், இளகிய ஆயில் பக்கவாட்டில் ஒழுகிவிடும், அழுத்தம் குறையும். சூடான இன்ஜின் ஐட்லிங்கில் நிற்கும்போது ஆயில் விளக்கு மினுக்குவதற்கு இது ஒரு காரணம். இங்கே ஒரு படி கெட்டியான ஆயில் உண்மையிலேயே உதவும்.

ஆனால் தேயாத இன்ஜினில் அளவுக்கு மீறிக் கெட்டியான ஆயில் ஊற்றினால் கதையே வேறு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேலே வால்வு பகுதிக்குப் போய்ச் சேர நேரமாகும். பம்பில் அழுத்தம் கூடி, அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு திறந்து, ஆயில் மீண்டும் சம்புக்கே திரும்பும். மீட்டரில் அழுத்தம் நன்றாகத் தெரியும். பேரிங்குக்குப் போவது குறையும். உராய்வு கூடுவதால் எரிபொருளும் கொஞ்சம் கூடவே செலவாகும்.

ஆகவே முதல் வேலை வண்டியின் கையேட்டைப் பார்ப்பது. அநேகக் கையேடுகளில் வெளி வெப்பநிலைக்கு எந்த ஆயில் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் நம் ஊர் வெயிலுக்குரிய வரிசையைப் பாருங்கள். ஊர்ப்பழக்கத்தை நம்ப வேண்டாம். இந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய அம்பாசடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் 1950-களின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. அதே கம்பெனி நம் மாவட்டத்துத் திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் செய்த மிட்சுபிஷி லான்சரின் இன்ஜின் வேறு தலைமுறை. மாமாவின் அம்பாசடருக்கு 20டபிள்யூ-50 ஒத்துவந்தது என்பதற்காக லான்சருக்கும் அதுவே ஒத்துவரும் என்று சொல்ல முடியாது. (அம்பாசடர் வைத்திருப்போர் இன்னொன்றும் கவனிக்கவும்: புதிய காலத்து 30 எண் ஆயில்களில் பாஸ்பரஸ் சேர்மானத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்தப் பழைய தட்டை டேப்பெட்டுகளுக்கு அந்தச் சேர்மானம்தான் பாதுகாப்பு.)

கையேடு சொல்வதிலிருந்து மேலே போக வேண்டுமா என்பதை அளந்து முடிவெடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். மேல்கோடு வரை ஆயில் ஊற்றி, கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடிய பின் எவ்வளவு சேர்க்க வேண்டியிருக்கிறது? கால் லிட்டர் என்றால் பழைய வண்டிக்கு அது இயல்பு. அரை லிட்டரைத் தாண்டினால் 30-லிருந்து 40-க்கு, அல்லது 40-லிருந்து 50-க்கு, ஒரே ஒரு படி மாற்றிப் பார்க்கலாம். ஒரு லிட்டரை நெருங்கினால் அது ஆயில் கடையில் தீரும் விஷயம் அல்ல, மெக்கானிக்கிடம் போங்கள்.

புகையும் பேசும். இரவு நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனவுடன் மட்டும் நீலப் புகை விட்டால் வால்வு சீல் தேய்ந்திருக்கும். அது சிறிய செலவு. ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் நீலப் புகை வந்தால் ரிங் போயிருக்கலாம். கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால் கலந்த டீ போலத் தெரிந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. அப்போது எந்த எண்ணும் காப்பாற்றாது, வண்டியை ஓட்டாமல் நிறுத்துங்கள். டீசல் இன்ஜினில் ஆயில் சீக்கிரம் கறுப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது கரியை ஏந்திக்கொள்வதால் வருவது. டீசலுக்கு வாங்கும்போது டப்பாவில் ஏபிஐ சிஎச்-4 அல்லது சிஐ-4 என்று இருக்கிறதா பாருங்கள்.

ஆயில் விளக்கு மினுக்கினால் கெட்டி ஆயில் ஊற்றுவதற்கு முன் ஒரு வேலை உண்டு. விளக்குக்குச் சொல்லும் சுவிட்சே பழுதாகியிருக்கலாம். அதைக் கழற்றி அழுத்த மீட்டர் மாட்டிப் பார்ப்பது மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலை.

பழைய வண்டிச் சந்தையில் ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. விற்பதற்கு முந்தின நாள் மிகக் கெட்டியான ஆயிலை ஊற்றி, தட்டும் சத்தத்தையும் புகையையும் சில நாட்களுக்கு அடக்கிவிடுவது. வாங்கியவர் சில வாரம் ஓட்டிய பிறகு உண்மை தெரியும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்கள் ஈரமானதும், நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டதும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆயிலுக்குள் ஒளித்த தட்டல் சத்தமும் அந்த ஈரம்தான். குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்பதில் வெட்கம் எதுவும் இல்லை. வாங்குபவர்கள் இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் தாங்களே முதல் முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். விற்பவர் வாசலில் ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால், ஆறிய பிறகு வருகிறோம் என்று சொல்லுங்கள்.

வழியில் ஆயில் குறைந்து, அதே எண் கிடைக்காவிட்டால் பக்கத்து எண்ணை ஊற்றி ஊர் வந்து சேரலாம். ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். எந்த எண் ஊற்றினாலும் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டருடன் சேர்த்து மாற்றுங்கள். 20டபிள்யூ-50 என்பதற்காக 10,000 வரை தள்ளாதீர்கள். பல தர ஆயில்களைச் சூட்டிலும் கெட்டியாக வைத்திருக்கும் பாலிமர், இன்ஜினுக்குள் நசுங்கி நசுங்கி வலுவிழக்கும். டப்பாவில் 50 என்று இருந்தாலும் உள்ளே அது 40 ஆகியிருக்கும்.

சீல் உடையாத டப்பாவையே வாங்கி, உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். காலி டப்பாவைக் கத்தியால் கீறிவிட்டுக் கொடுங்கள். முழு டப்பாக்கள் போலி ஆயில் நிரப்புவோரிடம் போய்ச் சேருகின்றன. வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். 2016-ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அபாயக் கழிவு, மேலும் நம் ஊர்ச் சாக்கடை ஏரியில் போய்த்தான் கலக்கும். கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். ஊற்றிய எண்ணையும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு அட்டையில் எழுதி பானட்டுக்குள் ஒட்டிவிடுங்கள், அடுத்த முறை மெக்கானிக் கேட்கும்போது யோசிக்க வேண்டியிருக்காது.