காரைக்காலில் இருந்தே மீன் மூளையை வரைபடமாக்க

லாம்ப்ரே என்ற தாடையில்லா மீன் குளிர்நாட்டு நீரில் வாழ்வது; அரசலாற்று முகத்துவாரத்தில் வலை போட்டால் கிடைக்காது. நம் வம்சத்திலிருந்து சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்த இனம் அது. பசியைத் தூண்டும் நியூரோபெப்டைடு ஒய் நம் மூளையில் இருப்பதுபோல அதன் மூளையிலும் இருக்கிறது. அங்கே அதைத் தேடும் முறையை விலங்கியல் மாணவர்கள் இங்கே கெளுத்தியிலோ ஜிலேபியிலோ பழகலாம். நாக்பூரில் ஆய்வாளர் சுபேதாரின் குழுவினர் கெளுத்தியின் முன்மூளையிலும் பிட்யூட்டரியிலும் இதே பெப்டைடைத் தேடி 2004இல் வெளியிட்டார்கள்.

முதலில் கல்லூரியின் விலங்கு நெறிக்குழுவிடம் அனுமதி வாங்குங்கள். துறைமுகத்தில் ஐஸில் கிடக்கும் மீன் மண்டையோட்டைத் திறந்து பழகத்தான் உதவும். உயிர் போனதுமே பெப்டைடுகள் சிதையத் தொடங்கும். அதனால் உயிரோடு, தொட்டியில் வளர்த்த மீன்தான் வேண்டும்.

மயக்க மருந்து கலந்த நீரில் விட்டு, மீன் முழுதும் உணர்விழந்த பிறகு, இதயத்தின் வழியாக 4 சதவீத பாராபார்மால்டிஹைடு செலுத்துங்கள். மூளையை எடுத்து அதே கரைசலில் ஓரிரவு 4 டிகிரியில் வையுங்கள். பிறகு 30 சதவீத சர்க்கரைக் கரைசலில் போடுங்கள். முதலில் மிதக்கும், அடியில் தங்கினால்தான் உறையவைக்கலாம். அவசரப்பட்டால் உள்ளே பனிப்படிகம் உண்டாகித் திசு ஓட்டை ஓட்டையாகும்.

கிரையோஸ்டாட்டில் 20 மைக்ரான் தடிமனில் சீவி, வரிசை எண்ணிட்டு ஸ்லைடில் ஏற்றுங்கள். நம் கடற்கரை ஈரக்காற்றில் ஸ்லைடு வியர்க்கும். நன்றாக உலர்த்தாவிட்டால் சீவல் கழன்றுவிடும். ஒன்றுவிட்டு ஒன்றை கிரெசில் வயலட்டில் சாயமேற்றினால் செல் கூட்டங்களின் எல்லை தெரியும். மற்றவற்றில் அந்தப் பெப்டைடைப் பிடிக்கும் முதல் ஆன்டிபாடியை ஓரிரவு விட்டு, அடுத்து என்சைம் இணைத்த இரண்டாம் ஆன்டிபாடி, கடைசியில் டாப் (DAB) சாயம். கையுறை கட்டாயம், டாப் புற்றுநோய் அபாயமுள்ளதாகக் கருதப்படும் பொருள். பெப்டைடு இருக்கும் செல்லும் நரம்பிழையும் பழுப்பாகத் தெரியும்.

பழுப்பைக் கண்டதும் நம்பிவிடாதீர்கள். நியூரோபெப்டைடு ஒய், பெப்டைடு ஒய்ஒய் இரண்டிலுமே 36 அமினோ அமிலங்கள்தான், அமைப்பும் நெருங்கியது. ஆன்டிபாடியை முன்கூட்டியே அந்தந்தப் பெப்டைடோடு தனித்தனியே கலந்து ஊறவைத்துப் போட்டுப் பாருங்கள். முதலாவதோடு ஊறியதில் நிறம் மறைய வேண்டும். இரண்டாவதோடு ஊறியதில் மறையக்கூடாது. முதல் ஆன்டிபாடி இல்லாத ஸ்லைடு ஒன்றும் எப்போதும் கூட இருக்கட்டும். பாலூட்டிக்கென்று தயாரித்த ஆன்டிபாடியை லாம்ப்ரேயில் போடும்போது இந்தச் சோதனை இன்னும் முக்கியம்.

பிறகு ஒவ்வொரு சீவலையும் வரைந்து, செல்லுக்குப் புள்ளி, இழைக்குக் கோடு என்று குறியுங்கள். மீன் ஆணா பெண்ணா, எந்த மாதம், முட்டைப் பருவமா என்பதையும் எழுதிவையுங்கள். ஒரே மீனை வைத்து வரைந்ததை வரைபடம் என்று வெளியிடாதீர்கள்.