தாதரில் வாங்கிய காய், கடைசிக் காம்பு வரை

மும்பை தாதர் மேற்கில் ஸ்டேஷனை விட்டு இறங்கி கேசவசுத் மேம்பாலத்தடியில் நடந்தால், வீட்டுப் பக்கத்து வண்டிக்காரரிடம் பாவ் கிலோ (கால் கிலோ) கேட்கிறவர்கூட ஒரு கிலோவாக அள்ளிக்கொள்வார். விலை அப்படி. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கொத்தமல்லி வியாழக்கிழமை கறுத்துக் குழைந்தால், மலிவில் மிச்சம் பிடித்த காசு குப்பைக்கூடைக்குப் போய்விடும்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, இந்திய வீடுகளில் ஒருவர் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. தோல், கொட்டை எல்லாம் அதில் சேர்த்தி. நான்கு பேர் உள்ள வீட்டில் அது வாரத்துக்கு நாலு கிலோவுக்கு மேல், அதாவது ஒரு கடைப்பை நிறைய. ஃபிரிட்ஜை மட்டும் நம்பி இதைக் குறைக்க முடியாது. காய் வந்த அன்று அரைமணி நேர வேலையும், எதை முதலில் சமைப்பது என்ற வரிசையும் வேண்டும்.

1. நாளை எண்ணி வாங்குங்கள்

பைக்குள் மூன்று வித ஆயுள் உள்ள காய்கள் இருக்கட்டும். இரண்டு நாளில் தீர வேண்டியவை: மேத்தி, பாலக், முளைக்கீரை. நாலைந்து நாள் தாங்குபவை: வெண்டை, கத்தரி, பீன்ஸ், பீர்க்கை. ஒரு வாரமும் அதற்கு மேலும் நிற்பவை: கேரட், பீட்ரூட், கோஸ், சேனை, வெட்டாத பூசணி. கீரை எவ்வளவு மலிவானாலும் இரண்டு ஜுடிக்கு (கட்டுக்கு) மேல் வேண்டாம். காய்க்காரர் மேலே போட்டுத் தரும் ஒரு பிடி கடிபத்தா (கறிவேப்பிலை) ஏற்கெனவே வீட்டில் இருந்தால், "பஸ்" (போதும்) என்று சொல்லிவிடுங்கள். இலவசமாக வந்ததுதான் முதலில் அழுகும்.

லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் மடியிலேயே பட்டாணி உரிக்கலாம், பீன்ஸ் நார் எடுக்கலாம். பெண்கள் பெட்டியில் இது பழைய வழக்கம். மேத்தியை ஆய்ந்தால் மட்டும் அதை அன்றிரவோ மறுநாளோ சமைத்துவிட வேண்டும்.

2. வந்ததும் பிரியுங்கள், கழுவாதீர்கள்

பாலிதீன் பையோடு ஃபிரிட்ஜில் வைத்தால் காய் தன் ஈரத்திலேயே வேகும். எல்லாவற்றையும் பழைய செய்தித்தாளில் பரப்பி விசிறிக்காற்றில் விடுங்கள்.

கொத்தமல்லிக் கட்டு வாடாமல் இருக்கக் கடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். வெளியே பச்சையாகத் தெரியும். கட்டை அவிழ்த்தால் நடுவில் நாலைந்து இலை மஞ்சளாகி, பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அந்த நாலு இலைதான் கட்டு முழுவதையும் கெடுக்கும். அவற்றை எடுத்து, வேரை நறுக்கி, ஈரம் உலர்ந்ததும் பருத்தித் துணியில் சுற்றி டப்பாவில் வையுங்கள். துணி நனைந்தால் மாற்றுங்கள். ஒரு வாரம் தாராளமாக வரும். கறிவேப்பிலைக்கும் காம்பு கிள்ளிய பச்சை மிளகாய்க்கும் இதே முறைதான்.

முள்ளங்கி, பீட்ரூட்டின் இலைகளை அன்றே வெட்டிவிடுங்கள். விட்டுவைத்தால் இலை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சும், கிழங்கு துவளும்.

3. எது எங்கே?

- வெங்காயமும் உருளையும் வெளியே, காற்றோட்டமான வெவ்வேறு கூடைகளில். ஃபிரிட்ஜில் வைத்த உருளையின் மாவு சர்க்கரையாக மாறி, வறுவல் சீக்கிரம் கருகும்.
- தக்காளி பழுக்கும்வரை வெளியே. நன்றாகப் பழுத்த பிறகு உள்ளே.
- வாழைப்பழம், மாம்பழம், பழுத்த தக்காளி ஆகியவை விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும். இவற்றையும் கீரையையும் ஒன்றாக வைக்க வேண்டாம்.
- கத்தரியும் வெண்டையும் அதிகக் குளிர் தாங்காது. அடியில் உள்ள காய் டிரேயே போதும். வெண்டையில் ஒரு சொட்டு ஈரமும் கூடாது.
- வெட்டிய பூசணியில் விதையையும் நாரையும் முதலில் வழித்தெடுங்கள். அழுகல் அங்கேதான் தொடங்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பையில் எதுவும் சரியாக உலராது. அந்த மாதங்களில் கீரையை அன்றன்றைக்கு வாங்குவதே லாபம்.

4. கெடும் வரிசையில் சமையுங்கள்

ஞாயிறு, திங்கள் கீரை; செவ்வாய், புதன் வெண்டை, கத்தரி; வியாழன் பீன்ஸ், பீர்க்கை; வெள்ளி கோஸ், கேரட். சனிக்கிழமை புதுக்காய் வாங்காமல், அரைக் கேரட், ஒற்றைக் கத்தரி, துண்டுப் பூசணி எல்லாம் சேர்த்துக் கதம்ப சாம்பார். தேங்காய் இருந்தால் அவியல். பிள்ளைகள் சாம்பாரைக் கண்டு முகம் சுளித்தால் பாவ் பாஜி: உருளை, கோஸ், கேரட், பட்டாணி எல்லாவற்றையும் மசித்த பிறகு எது பழசு என்று யாருக்கும் தெரியாது.

5. தோலும் தண்டும்

பீர்க்கங்காய்த் தோலை எண்ணெயில் வதக்கி, உளுந்து, மிளகாய், புளி, உப்பு சேர்த்து அரைத்தால் துவையல். வாழைக்காய்த் தோல், சௌசௌ தோலுக்கும் இதே பக்குவம்தான். காலிஃபிளவரின் தண்டையும் இளம் இலையையும் பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்புக் கூட்டு. முள்ளங்கிக் கீரை பொரியல். கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு. தர்பூசணியின் வெள்ளைப் பகுதி மோர்க்குழம்புக்கு. தோலைச் சமைக்கும் அன்று காயைத் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

6. மலியும்போது சேமியுங்கள்

குளிர்காலத்தில் பட்டாணி மலியும். உரித்து, கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி, ஈரம் போக உலர்த்தி ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். தக்காளி மலிந்தால் தொக்கு. அல்லது அரைத்து ஐஸ் டிரேயில் உறையவைத்தால் குழம்புக்கு இரண்டு கட்டி போதும். வெயில் சுடும் மார்ச், ஏப்ரலில் ஜன்னல் கிரில்லில் ஒரு தட்டு வைத்து, உப்புப் போட்டு வேகவைத்த கொத்தவரையைச் சுக்காகக் காயவிட்டால் வத்தல்.

7. எறிய வேண்டியதை எறியுங்கள்

சிக்கனம் வயிற்றைக் கெடுக்கக் கூடாது. பூஞ்சை பிடித்த தக்காளியையும் கொழகொழத்த கீரையையும் முழுதாக எறியுங்கள். கேரட், கோஸ் போன்ற கெட்டியான காயில் சிறு பூஞ்சை தெரிந்தால், சுற்றிலும் ஓர் அங்குலம் தள்ளி வெட்டிவிட்டு மீதியைச் சமைக்கலாம். நன்றாகப் பச்சை பாய்ந்த உருளை வேண்டவே வேண்டாம். எறிவதை ஈரக்குப்பையில் தனியாகப் போடுங்கள்.

போடுமுன் என்ன காய், எவ்வளவு என்று காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டு வாரம் ஒரே பெயர் வந்தால், அடுத்த முறை தாதரில் அந்தக் காய் மட்டும் பாவ் கிலோ.