ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு மலேரியாவில் என்ன வேலை?

அன்புள்ள யாழினி,

கானாவுக்கு வேலைக்குப் போகும் உன் மாமாவுக்கு, மலேரியா வராமலிருக்க மருத்துவர் டாக்சிசைக்ளின் எழுதிக் கொடுத்திருக்கிறார். எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் கொடுக்கும் ஆன்டிபயாடிக் அது. மலேரியாவோ பாக்டீரியாவால் வருவதில்லை. பேர்போன குளோரோகுயினை விட்டுவிட்டு இதை ஏன் கொடுத்தார் என்று கேட்டிருக்கிறாய்.

குளோரோகுயின், 1934இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹான்ஸ் ஆண்டர்சாக் உருவாக்கிய மருந்து. மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. தின்றது போக மிஞ்சும் ஹீம் அதற்கே நஞ்சு. ஆகவே அதைக் கருநிறப் படிகமாக இறுக்கி ஒதுக்கிவிடுகிறது. 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் இரைப்பையில் மலேரியா ஒட்டுண்ணியைத் தேடிய ரொனால்டு ராஸுக்குத் துப்புக் கொடுத்தவை இந்தக் கருந்துகள்கள்தாம். குளோரோகுயின் அந்தப் படிகம் உருவாகாமல் தடுக்கிறது. ஒட்டுண்ணி தான் தின்ற உணவின் நஞ்சாலேயே சாகிறது.

இத்தனை நல்ல மருந்தை ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை தோற்கடித்துவிட்டது. 1950களின் இறுதியில் தாய்லாந்து–கம்போடியா எல்லையிலும் கொலம்பியாவிலும் மருந்துக்கு மசியாத ஒட்டுண்ணிகள் தலைகாட்டின. உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளிவிடும் புரதம் அவற்றிடம் இருந்தது. பின்னர் ஆப்பிரிக்காவிலும் அவை பரவின. இந்தியாவில் வைவாக்ஸ் வகைக்குக் குளோரோகுயின் இன்றும் கைகொடுக்கிறது. கானாவிலோ ஃபால்சிபாரம்தான் பெரும்பான்மை.

டாக்சிசைக்ளினின் வழியே வேறு. அது டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தின் மூத்த மருந்தான ஆரியோமைசினை மிசௌரி மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிலிருந்து பெஞ்சமின் டக்கர் கண்டெடுத்தார். அது 1948இல் லெடர்லி நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ். அவரை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

இந்த மருந்துகள் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடித்துப் புரத உற்பத்தியை நிறுத்துபவை. மலேரியா ஒட்டுண்ணியிடம் அவற்றுக்கு என்ன வேலை? அதன் உடலுக்குள் ஏபிகோபிளாஸ்ட் என்ற சிறு உறுப்பு இருக்கிறது. ஆதிகாலத்தில் ஒட்டுண்ணியின் மூதாதை விழுங்கிய ஒரு பாசியின் எச்சம் அது. ஒளிச்சேர்க்கையை எப்போதோ மறந்துவிட்டது. பாக்டீரியா பாணி ரைபோசோமை மட்டும் இன்றும் வைத்திருக்கிறது. அங்கேதான் டாக்சிசைக்ளின் கைவைக்கிறது.

ஆனாலும் ஒட்டுண்ணி உடனே சாவதில்லை. விதைநெல்லை இழந்த வீடு இந்தப் போகத்து அரிசியைச் சாப்பிட்டுவிடும்; அடுத்த போகத்துக்கு வழியிருக்காது. அதுபோல இந்தத் தலைமுறை பிழைத்துப் பெருகும். பழுதான உறுப்போடு பிறக்கும் அடுத்த தலைமுறை மடியும். ஒட்டுண்ணியின் ஒரு சுற்றுக்கே ஏறத்தாழ 48 மணி நேரமாகும் என்பதால், காய்ச்சலில் கிடப்பவருக்கு இதை மட்டும் தனியாகக் கொடுப்பதில்லை. சிகிச்சையென்றால் குயினைன் போன்ற வேகமான மருந்தோடு சேர்த்துத்தான். வருமுன் காக்க மட்டும் தனியாகவே போதும்.

குளோரோகுயின் உடலில் வாரக்கணக்கில் தங்கும். தடுப்புக்கு வாரம் ஒருமுறை போட்டால் போதும். டாக்சிசைக்ளின் ஒரு நாளுக்குள் பாதியாகக் குறைந்துவிடும். ஆகவே மாமா தினமும் 100 மில்லிகிராம் விழுங்க வேண்டும், புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே. நிறையத் தண்ணீரோடு விழுங்கச் சொல். போட்டவுடன் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிவிடும் என்பதால் முழுக்கைச் சட்டை போடட்டும். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் இந்தத் தடுப்பு மாத்திரையைப் பரிந்துரைப்பதில்லை. அத்தையோ பிள்ளைகளோ உடன் போவதாக இருந்தால் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊர் திரும்பிய பிறகும் 4 வாரம் மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஈரலில் வளர்ந்து தாமதமாக ரத்தத்துக்கு வரும் ஒட்டுண்ணிகளையும் மருந்து எதிர்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு காய்ச்சல் வந்தாலும் மாமா அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குப் போகட்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லட்டும்.

அன்புடன்,
சித்தப்பா