காமாலை எண் ஜாதகம் அல்ல

கேள்வி: பிறந்த நான்காம் நாள் என் பேத்திக்கு மஞ்சள் காமாலை அளவு 22 வரை ஏறி, நீல விளக்கில் வைத்ததும் இறங்கிவிட்டது. பிற்காலத்தில் அறிவு வளர்ச்சி பாதிக்குமா?

பதில்: அந்த ஓர் எண்ணை வைத்து எதிர்காலத்தைக் கணிக்க முடியாது, அம்மா. வட கலிபோர்னியாவில், காமாலையில் ரத்தத்தில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின் 25-ஐ எட்டிய 140 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. பெரும்பாலும் உடனே சிகிச்சை பெற்ற அவர்களின் வளர்ச்சி, மற்ற குழந்தைகளுடையதிலிருந்து பெரிதாக வேறுபடவில்லை. அப்படியானால் அளவு பார்ப்பதே எதற்கு என்று கேட்கலாம். சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பதை அதுதான் சொல்கிறது. தாமதித்தால் பிலிருபின் மூளையில் படிந்து நிரந்தர ஊனம் வரலாம். பின்விளைவை ஊகிக்கவோ வேறு சிலவும் தெரிய வேண்டும். குழந்தை குறைமாதமா, அளவு எத்தனை நேரம் உயர்ந்தே இருந்தது, தாய்க்கும் சேய்க்கும் ரத்தப் பிரிவு ஒவ்வாமல் சிவப்பணுக்கள் சிதைந்தனவா? அதே ஆய்வில், இந்த ஒவ்வாமையைக் காட்டும் கூம்ப்ஸ் சோதனை பாசிட்டிவான சில குழந்தைகளுக்கு மட்டும் நுண்ணறிவு மதிப்பெண் குறைந்திருந்தது. உங்கள் பேத்தி துவண்டுபோகாமல், உடலை வில்லாக வளைக்காமல், பாலைச் சப்பிக் குடித்திருந்தால் அது நல்ல அறிகுறி. காதில் மட்டும் அசட்டை வேண்டாம். பிலிருபின் செவி நரம்பை எளிதில் தாக்கும். காதுக்குள் எதிரொலி பார்க்கும் சாதாரண சோதனை அந்தப் பாதிப்பைத் தவறவிடலாம். மூன்று மாதத்துக்குள், செவி நரம்பைச் சோதிக்கும் பெரா பரிசோதனை செய்துவிடுங்கள்.