ஏர் எடுத்தும் பெடல் இறங்குகிறதா?

அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. டிரம் பிரேக் தொல்லை நிற்கவில்லை. பிரேக் ஆயில் பாட்டில் காலியாகும்வரை ஏர் எடுத்தும் பெடல் இறங்கினால், பழி முழுவதும் ஏர் மீதே விழும். பாவம், அது எப்போதும் குற்றவாளி அல்ல.

இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் மேலே வந்து கெட்டியாக நின்றால், லைனிங் தேய்ந்து ஷூ தள்ளிப்போயிருக்கும். அட்ஜஸ்ட் செய்தால் போதும். பஞ்சுபோல அமுங்கினால்தான் ஏர். காலை அழுத்திவைத்திருக்கையில் மெல்ல இறங்கினால், எங்கோ ஆயில் கசிகிறது. வெளியே ஈரமில்லை என்றால் சந்தேகம் மாஸ்டர் சிலிண்டர் மீதுதான்.

ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை மிதிப்பது பழைய வண்டிக்கு ஆகாது. சிலிண்டருக்குள் பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு படிந்திருந்தால், ரப்பர் வாஷர் அதில் உரசிக் கிழியும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்தால் தப்பிக்கும்.

சிந்திய பிரேக் ஆயில் பெயின்ட்டை உரித்துவிடும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும்.